இந்த வங்கு யாருடையது?

(குண்டடத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் பேசப்போவது எலியைப் பற்றி. ஆமாம், எலியைப் பற்றித்தான். வாசலில் என்னைப் பார்த்த ஒரு பெரியவர் கேட்டார்: “ஏனுங்க, போன மாசம் வந்தவரு ராமாயணம் பேசினாரு. நீங்க எலியைப் பத்திப் பேசறீங்களாமா?” பேசுகிறேன் ஐயா. ராமாயணம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே ராவணன் நிற்க மாட்டான். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் எலி அங்கே நிற்கும். அதனால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் காடு தோட்டம் என்று சுற்றியவன் நான். என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ பூச்சிக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு வந்த ஒரு தொலைபேசி அழைப்புதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். பேசியது என் அக்கா மகன். திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நல்ல வேலை. நம் ஊருக்கு வெளியே, பாட்டன் வைத்துவிட்டுப் போன காட்டில், புதிதாக வீடு கட்டியிருக்கிறான். வீட்டுக்கு முன்னால் மூன்று சென்ட் நிலத்தில் கொரியன் புல் பதித்து, பச்சைக் கம்பளம் விரித்தது போல வைத்திருக்கிறான். அவன் சொன்னான்: “மாமா, புல்லுக்குள்ள மோல் வந்துருச்சுங்க. பொறி வாங்கி வெச்சு ரெண்டு வாரம் ஆச்சு. ஒண்ணுகூட விழுகல.”

மோல்! குண்டடத்தில் மோல்!

நான் போய்ப் பார்த்தேன். பச்சைப் புல்லின் நடுவே குவியல் குவியலாகப் புது மண். பதினான்கு குவியல் எண்ணினேன். அதன் நடுவில், பல்லைக் காட்டிக்கொண்டு, ஈட்டி ஈட்டியாகக் கம்பி நீட்டிக்கொண்டு ஒரு இரும்புக் கருவி நிற்கிறது. செல்போனில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் வீட்டுப் புல்தரையில் அதை வைத்துப் பிடிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை வரவழைத்திருக்கிறான். நான் கேட்டது ஒரே கேள்வி: “மாப்பிள்ளை, இந்த வங்கு யாருடையது?”

அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு. வங்கு என்றால் மண்ணுக்குள் தோண்டிய வளை. இந்த வங்கு யாருடையது? யார் தோண்டியது? அது தெரியாமல் பொறி வைத்தால் என்ன ஆகும்? இரண்டு வாரம் ஒன்றும் விழாது. அது தெரியாமல் விஷம் வைத்தால் என்ன ஆகும்? விழக்கூடாதது எல்லாம் விழும். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

முதலில் அந்த மோல் யார் என்று பார்த்துவிடுவோம். அகராதிக்காரர்கள் அதற்கு அகழெலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எலியே அல்ல. எலிக்கு முன்னால் மேலும் கீழும் இரண்டிரண்டு பல் உளி போல வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு அந்தப் பல் கிடையாது. முன்கால் இரண்டும் மண்வெட்டி. கண் கடுகளவு. முன்னால் தடவினாலும் பின்னால் தடவினாலும் படிந்து கொடுக்கிற ரோமம். அதனால் இருட்டுச் சுரங்கத்தில் முன்னும் போகும், பின்னும் வரும். அது தின்பது தானியமல்ல, மண்புழு. எச்சிலில் உள்ள நஞ்சால் மண்புழுவை மரத்துப்போகச் செய்து, உயிரோடு சேமித்து வைத்துத் தின்னும் என்றால் பாருங்களேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் அது உண்டு. நம் நாட்டில் வேண்டுமென்றால் டார்ஜிலிங், சிக்கிம் பக்கம் இமயமலைக்குப் போக வேண்டும். தாராபுரம் தாலுகாவுக்கு அது வந்ததில்லை.

அங்கே அது சாதாரணப் பிராணி இல்லை. ஒரு ராஜாவையே சாய்த்த பிராணி. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம், 1702-ஆம் வருடம், குதிரையில் போய்க்கொண்டிருந்தார். அகழெலி தள்ளிவைத்த மண்குவியலில் குதிரையின் கால் இடறியது. ராஜா விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அந்த மார்ச் மாதமே உயிர் போய்விட்டது. அவருடைய எதிரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? விருந்துகளில் மதுக்கிண்ணத்தை உயர்த்தி, கறுப்பு வெல்வெட் அணிந்த அந்தச் சின்னக் கனவான் வாழ்க என்று வாழ்த்திக் குடித்தார்கள்!

சரி, அந்தக் கனவானுக்கு வைத்த பொறி நம் ஊரில் ஏன் வேலை செய்யவில்லை? அகழெலி மேல்மண்ணை ஒட்டியே சுரங்கம் போட்டுக்கொண்டு போகும். புல்தரையில் வரப்பு மாதிரி ஒரு கோடு எழும்பி நிற்கும். அந்தக் கோட்டைக் காலால் மிதித்து அமுக்கி, மேலே ஈட்டிப் பொறியை ஊன்றிவிட்டால், அது திரும்பி வந்து கூரையை முதுகால் தூக்கும்போது விசை விடுபட்டு ஈட்டி இறங்கும். நம் மாப்பிள்ளை வீட்டில் எழும்பிய கோடு ஒன்றாவது இருந்ததா? இல்லை. குவியல் இருந்தது, கோடு இல்லை. கோடு இல்லாத இடத்தில் அந்தப் பொறி ஆயுள் முழுக்க நின்றாலும் அசையாது. பொறியில் குற்றமில்லை. மண்ணைப் படிக்காமல் வைத்ததுதான் குற்றம்.

அப்படியானால் இந்த வங்கு யாருடையது?

நம் ஊரில் சந்தேகப்பட வேண்டியவர்கள் நாலைந்து பேர். முதலில் ஒரு அப்பாவியை விடுதலை செய்துவிடுகிறேன். மூஞ்சூறு. நீண்ட மூக்கு, ஒருவிதமான கஸ்தூரி வாடை, சுவரோரமாகக் கீச்சுக் கீச்சென்று ஓட்டம். அது எலி வகையே அல்ல. சொல்லப்போனால், மேல்நாட்டு அகழெலிக்கு நம் ஊரில் இருக்கிற பங்காளி அதுதான். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த பூச்சியுண்ணிகள். கரப்பான், வண்டு, புழு, இவைதான் அதற்குச் சாப்பாடு. மண்ணைத் தோண்டிக் குவிக்கிற வேலை அதற்குத் தெரியாது. பிள்ளையாரின் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து துடைப்பத்தால் அடிக்கிறோமே, அது நமக்கு உழைக்கிற கூலியில்லாத வேலைக்காரன்.

அடுத்தது வெள்ளெலி. மானாவாரிக் காட்டுக்காரர்களுக்கு அதை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வாலின் நுனியில் குஞ்சம் இருக்கும். காய்ந்த மண்தான் அதற்குப் பிடிக்கும். தண்ணீர் பாய்கிற புல்தரைக்கு அது வராது.

அடுத்தது பெருச்சாளி. ஒரு கிலோ எடை வரைக்கும் வளரும். சாக்கடை ஓரம், கிணற்று மேடு, வைக்கோல்போர் அடி. அதன் வங்கில் முஷ்டியை விடலாம், விடாதீர்கள். தெலுங்கர்கள் இதைப் பன்றி எலி என்ற பொருளில் பந்திக்கொக்கு என்பார்கள். அந்தச் சொல்லைத்தான் வெள்ளைக்காரர்கள் பாண்டிகூட் ஆக்கி, பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே வயிற்றுப் பையோடு திரிந்த வேறொரு பிராணிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் மாற்றிக் குழப்பிக்கொள்வதில் நம் மாப்பிள்ளை முதல் ஆள் இல்லை!

கடைசியாக, நம் ஆள். வரப்பெலி. பெருச்சாளிக்குத் தம்பி. கால் கிலோ முன்னே பின்னே இருக்கும். கருத்த உடம்பு, மழுங்கிய முகம், கோபம் வந்தால் ரோமம் சிலிர்த்து உறுமும். பழைய தமிழில் அகழான் என்று வயலெலிக்கு ஒரு பெயர் உண்டு, அகழ்கிறவன், தோண்டுகிறவன். இவனுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம்! ஒரே ராத்திரியில் கூடை கூடையாக மண்ணை வெளியே தள்ளுவான். உள்ளே போய், வாசலைத் தளர்ந்த மண்ணால் அடைத்துக்கொள்வான். படுக்க ஒரு அறை, தானியம் வைக்க ஒரு அறை, ஆபத்து வந்தால் தப்பிக்கப் பின்வாசல். புறநானூற்றில் 190-ஆம் பாட்டைப் பாடிய சோழன் நல்லுருத்திரன், நெற்கதிரைக் கொண்டுபோய் வளையில் பதுக்கி வைக்கிற எலியைப் போன்றவர்களின் நட்பே எனக்கு வேண்டாம் என்கிறான். ராஜா வயலோரத்தில் நின்று பார்த்துத்தான் பாடியிருக்கிறான். எனக்குச் சின்ன வயதில் கடலைக்காய் பிடுங்கி முடிந்த காட்டில் கடப்பாரையோடு போய் வங்கு தோண்டிக் காய் எடுக்கிறவர்களைத் தெரியும். அவர்கள் வீட்டில் அன்றைக்கு உலை வைத்ததே எலி சேர்த்துவைத்த பண்டத்தில்தான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்கிறோமே, அது வெறும் பழமொழி என்றா நினைக்கிறீர்கள்? வரப்பெலியின் வாழ்க்கையே அதுதான். வளர்ந்த எலி ஒன்று, வங்கு ஒன்று. தாய் என்றால் குட்டிகளோடு இருக்கும். மற்றபடி பங்கு கிடையாது. இந்தப் பழமொழியைச் சொன்னவர் யாரோ, அவருக்குப் பொறி வைக்கத் தெரிந்திருக்கும். ஏன் சொல்கிறேன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் புரியும்.

இப்போது அடுத்த கேள்வி. இத்தனை காடு கிடக்கிறதே, மாப்பிள்ளையின் மூன்று சென்ட் புல்தரைக்கு அவன் ஏன் வந்தான்?

நம் மண்ணைப் பாருங்கள். மழை மறைவுப் பிரதேசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிறது, காற்றாலை சுற்றுகிறது, மழைதான் வருவதில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலின் கடைப்பக்கத்தில் இருக்கிறோம். நான்கு மண்டலமாகப் பிரித்து விடுகிற தண்ணீர், ஒரு மண்டலத்துக்குச் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. சித்திரையில் இந்தச் சரளை மண்ணில் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கிறது. அந்த மண்ணில் நம் முன்னோர் என்ன வைத்திருந்தார்கள்? கொறங்காடு. கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மழையில்லாத வருடத்திலும் காங்கேயம் மாட்டுக்கும் செம்மறிக்கும் அது மேய்ச்சல் கொடுத்தது. அந்தப் புல்லுக்கு யாரும் தண்ணீர் விட்டதில்லை.

கொழுக்கட்டைப் புல்லை அழித்துவிட்டுக் கொரியன் புல்லைப் பதிக்கிறோம். பதிப்பதற்கு முன்னால் சரளையை வழித்து எடுத்துவிட்டு லாரி லாரியாகப் பூ மாதிரிச் செம்மண் கொட்டுகிறோம். தினமும் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறோம். சுற்றிலும் நாலு மைலுக்குப் பாறை மாதிரிக் கிடக்கிற பூமியில், மெத்தென்று, ஈரமாக, தோண்டினால் இடியாத மண் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டு வாசலில். தை மாசியில் பக்கத்துக் காட்டில் மக்காச்சோளத்தை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். தலைக்கு மேலே மறைப்பும் போச்சு, சாப்பாடும் போச்சு. எலி எங்கே போகும்? நாய்க்கு வைத்த சோறு திண்ணையோரம் கிடக்கிறது. தென்னை மரத்தடியில் குரும்பை விழுந்து கிடக்கிறது. கோழித் தீவனம் சாக்கில் இருக்கிறது. கேட்டுக்கு உள்ளே வருவதற்கு அதற்கு வேறு அழைப்பிதழ் வேண்டுமா? மாப்பிள்ளையிடம் அன்றைக்குச் சொன்னேன்: நீ ஒரு வீடு கட்டவில்லை, இரண்டு கட்டியிருக்கிறாய், ஒன்றுக்குத்தான் புதுமனை புகுவிழா நடத்தினாய்.

சரி, வந்துவிட்டான். எப்படிப் பிடிப்பது?

நம் நாட்டில் பொறிக்குப் பஞ்சமில்லை. எங்கள் அப்பாரு ஒரு பலகைக் கல்லைக் குச்சியில் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைப்பார். குச்சியில் ஒரு துண்டு கருவாடு. எலி இழுக்கும், குச்சி நழுவும், கல் விழும். செலவு? ஒரு துண்டு கருவாடு. காவிரிப் படுகையில் தஞ்சாவூர்க் கிட்டி என்று ஒன்று உண்டு. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் பூட்டியிருக்கும். இரைக்காக எலி தலையை நுழைத்து இழுத்ததும் வில் நிமிரும். நாண் கழுத்தை இறுக்கிவிடும். சாயங்காலம் வயலில் வரிசையாக ஊன்றிவிட்டு, விடியுமுன் எடுத்துப் போவார்கள். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, மருந்து இல்லை. இன்றைக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் அந்த மூங்கில் வில்லுக்கு இடம் உண்டு.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டதும் பிழைப்பை இழந்தவர்கள் அவர்கள். 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த மக்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இருளர்களுடைய இன்னொரு தொழில் எலி பிடிப்பது. எப்படிப் பிடிப்பார்கள்? வைக்கோல் திணித்த மண்பானையில் நெருப்பு வைத்து, வங்கின் வாயில் பானை வாயைப் பொருத்தி, பானையின் அடியில் உள்ள ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். புகை உள்ளே போகும். கூடவே ஊதுகிறவரின் நெஞ்சுக்குள்ளும் போகும். உதடு வெந்துபோகும். பிறகு சேதுநாராயணன் என்பவர், கையால் சுற்றினால் காற்றடித்துப் புகையை உள்ளே தள்ளும் இரும்புக் கருவி ஒன்றை உருவாக்கினார். அதற்கு உலக வங்கி நடத்திய போட்டியில் 2003-இல் பரிசு கிடைத்தது.

என் மனத்தில் ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். எலி பிடிக்கிறவனை நம் ஊர் என்றைக்காவது கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறதா? அவன் காப்பாற்றிக் கொடுத்த நெல்லை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டோம். அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். எலி தின்கிறவன் என்று பழித்தோம். இந்த மண்ணிலேயே கூர்மையான கண் யாருக்கு என்று கேட்டால், வங்கைப் பார்த்ததும் எலி உள்ளே இருக்கிறதா இல்லையா என்று சொல்லுகிற அந்த மனிதனுக்குத்தான்.

அந்தக் கண்ணில் கால்வாசியாவது நமக்கு வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன்.

முதல் நாள் பொறியையே தொடவில்லை. சாயங்காலம் பதினான்கு குவியலையும் மண்வெட்டியால் நிரவினோம். திறந்திருந்த வங்கை எல்லாம் மண் போட்டு மிதித்து மூடினோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி ஊன்றினோம். அவ்வளவுதான், போய்ப் படுத்துக்கொண்டோம். காலையில் வந்து பார்த்தால் எத்தனை இடத்தில் புது மண்? ஐந்து இடத்தில். பதினான்கில் ஐந்துதான் உயிருள்ள வங்கு. மற்றதெல்லாம் பின்வாசல், பழைய வாசல், விட்டுப்போன வீடு. இரண்டு வாரமாகத் தன் புல்லுக்குள் ஒரு பட்டாளம் புகுந்துவிட்டது என்று தூக்கமில்லாமல் கிடந்தவனுக்கு, ஒரு பைசா செலவில்லாமல், பாதி பயம் தெளிந்தது.

இங்கிலாந்தில் அகழெலி பிடிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். குவியலை நிரவிவிட்டு, மறுநாள் எது புதிதாக எழுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் பொறி வைக்கிறார்கள். பிராணி வேறு, பொறி வேறு, தேசம் வேறு; பார்க்கிற பார்வை ஒன்று.

இரண்டாம் நாள் கூண்டு. சந்தையில் கிடைக்கிற சாதாரணக் கம்பிக் கூண்டுதான். ஒன்று வாங்கி இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை என்று வைக்காதீர்கள். ஐந்து வங்கு என்றால் ஐந்து கூண்டு, ஒரே ராத்திரியில். தனி வளை என்று சொன்னேனே, அதற்காகத்தான். வங்கு வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, கூண்டின் வாசல் வங்கைப் பார்த்திருக்க, தரையில் ஆடாமல் பதித்து வைத்தோம். இரை? சுட்ட தேங்காய்ச் சில்லு, வறுத்த கடலை, ஒரு கூண்டில் மட்டும் கருவாடு.

வைத்துவிட்டு, கதவு விழாதபடி சணல் கயிற்றால் கட்டிவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கோபமே வந்துவிட்டது. “என்னங்க மாமா, பிடிக்க வெச்சிட்டுக் கதவைக் கட்டறீங்க?” எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். நேற்று இல்லாத ஒன்று இன்றைக்கு இருந்தால் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும், தொடாது. அதனால் மூன்று ராத்திரி விருந்து. முதல் ராத்திரி எதையும் தொடவில்லை. இரண்டாம் ராத்திரி இரண்டு கூண்டில் தேங்காய் காணோம். மூன்றாம் ராத்திரி நாலு கூண்டு காலி. நாலாம் நாள் சாயங்காலம் கயிற்றை அவிழ்த்தோம். விடிந்தபோது மூன்று எலி. அதில் ஒன்று உறுமிய உறுமலில் மாப்பிள்ளை வீட்டு நாய் போர்டிகோவுக்குள் போய்விட்டது. ஒன்பது ராத்திரியில் மொத்தம் ஏழு. ஐந்து வங்குக்கு எப்படி ஏழு? காலியான வீட்டுக்கு வேலிக்கு வெளியேயிருந்து புதுக் குடித்தனம் வந்துவிட்டது. அதனால்தான் எலி விழுந்த அன்றைக்கே அந்த வங்கைத் தோண்டி, கல்லும் மண்ணும் போட்டுக் கெட்டித்து அடைக்க வேண்டும். அதை நான் முதல் நாளே சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு எலி என் கணக்கு.

கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் செருப்பில்லாமல் அந்தப் புல்லில் நடக்காதீர்கள். கொங்குநாட்டுக்காரர்களுக்கு எலி நோயைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் கொள்ளைநோய் வந்தபோது எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோயம்புத்தூரில் இன்றைக்கும் நிற்கின்றன.

பிடித்த எலியை என்ன செய்வது? இது சங்கடமான கேள்வி. எங்கள் அய்யன் கூண்டோடு தொட்டித் தண்ணீரில் முக்குவார். நானும் செய்திருக்கிறேன். வயதாக ஆக அது பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே அடியில் முடித்துவிடுகிற விசைப்பொறி அதைவிட மேல் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அதைத் திறந்தவெளியில் வைத்தால் அணிலும் மைனாவும் குழந்தையின் விரலும் சிக்கும். ஒரு துண்டுக் குழாய்க்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைக்க வேண்டும். பசை தடவிய அட்டை இருக்கிறதே, அது வேண்டவே வேண்டாம். நாளெல்லாம் ஒட்டிக்கொண்டு துடித்துச் சாகும். இன்னும் சில புண்ணியவான்கள் இருக்கிறார்கள். ஸ்கூட்டரில் கூண்டை வைத்துக்கொண்டு போய் அடுத்த ஊர்க்காரன் வெங்காயக் காட்டில் திறந்துவிட்டு, ஜீவகாருண்யம் செய்ததாகத் திருப்தியோடு திரும்பி வருவார்கள். அந்த வெங்காயக்காரன் ஜீவன் இல்லையா?

கடையில் பொட்டலம் விற்கிறதே, தூவிவிட்டுப் போய்விடலாமே, இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

துத்தநாக பாஸ்பைடு என்கிற கருப்புப் பொடி, வயிற்று அமிலம் பட்டதும் நச்சுவாயு ஆகிறது. அதற்கு மாற்றுமருந்தே கிடையாது. எலி கொஞ்சமாகத் தின்று பிழைத்துவிட்டால் பிறகு அந்த வாசனைப் பக்கமே வராது. புரோமாடியோலோன் என்கிற கட்டி, இரத்தம் உறைவதை நிறுத்துகிறது. தின்ற எலி சில நாள் கழித்துத்தான் சாகும். அந்தச் சில நாளும் அது தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது யார்? பூனை. நாய். கூகை. சாரைப்பாம்பு. நம் பக்கத்துப் பெரிய கல்கட்டுக் கிணறுகளின் பொந்தில் வெள்ளை முகத்தோடு ஒரு கூகை குடியிருக்குமே, சாக்குருவி என்று கல்லெறிகிறோமே, அது ராத்திரிதோறும் ஒன்றிரண்டு எலியைத் தூக்கிப் போகிற பறவை. வயலில் அது உட்கார்வதற்கென்றே ஆங்கில டி எழுத்துப் போலக் குச்சி நட்டு வையுங்கள் என்று எங்கள் துறையில் ஊர் ஊராகச் சொன்னோம். ஒரு கையால் குச்சி நட்டு, இன்னொரு கையால் அதற்கு விஷம் வைக்கிறோம்.

மனிதர்களை விட்டுவிட்டேனா? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததற்குக் காரணம் எலிகள் அல்ல. மருத்துவமனைகளுக்கு வந்த மனிதர்கள். 2024 நவம்பரில், சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ராத்திரி தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பத்திரிகையில் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல என்று நாம் சொல்வது உண்டு. சொல்லிவிட்டுச் சிரிப்போம். இப்போது சிரிக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் அகழெலிக்கு ஸ்ட்ரிக்னின் என்கிற கொடிய விஷத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். 2006-இல் அதை நிறுத்தினார்கள். என்ன நடந்தது? மறந்துபோன பொறிக்காரர்களுக்கு மறுபடி வேலை வந்தது. தாத்தா வைத்த பொறியைப் பேரன் தேடி எடுத்தான்.

நான் விஷத்தையே தொடாதே என்று சொல்லவில்லை. நூறு ஏக்கரில் நெல்லோ மக்காச்சோளமோ போகிறபோது, துறை சொன்ன அளவில், சொன்ன முறையில் வைக்க வேண்டியிருக்கலாம். மூன்று சென்ட் புல்லுக்கா? குழந்தை உருண்டு விளையாடுகிற இடத்திலா? விஷம் வைக்கிறவனுக்கு எந்த வங்கு, எந்த எலி என்று பார்க்கும் அவசியமே இல்லை, தூவிவிட்டுப் போகலாம். பொறி வைக்கிறவன் குனிய வேண்டும். மண் ஈரமா, பழசா, புதுசா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்று ராத்திரி பொறுக்க வேண்டும். அந்த மூன்று ராத்திரியில்தான் அவனுக்குத் தன் வாசலில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரிய வருகிறது.

மாப்பிள்ளை வீட்டுப் புல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நாய்ச் சோற்றுத் தட்டை ராத்திரி எடுத்து உள்ளே வைக்கிறார்கள். கோழித் தீவனம் தகர டிரம்முக்குள் போய்விட்டது. தண்ணீர் தினமும் இரண்டு வேளை என்பது வாரத்தில் இரண்டு நாளாகிவிட்டது. மதிலோரம் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்துக் கம்பிவலை புதைத்தோம். புல் முன்னைப் போலப் பச்சையாக இல்லை என்று என் அக்காவுக்குக் குறை. எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையுமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்து, கொழுக்கட்டைப் புல் விதை தூவியிருக்கிறேன். மழை வந்தால் பார்க்கலாம்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பேச்சை நிறுத்திவிடுகிறேன். கூண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ மேசை மேல் இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் எழுந்து பக்கத்தில் வாருங்கள். இந்தச் சணல் கயிறு தெரிகிறதா? இதைத்தான் மூன்று ராத்திரி அவிழ்க்கக்கூடாது. விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். தம்பி, நீதான், கையை உள்ளே விடாதே, கயிற்றை அவிழ்த்தாயிற்று.